புல்லுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு, தெரியுமா?

மே மாதத்தில் அயர்லாந்தின் நல்ல மேய்ச்சல் நிலம் ஒன்று, ஏக்கருக்கு ஒரே நாளில் 200 கிலோ பச்சைப் புல்லை வளர்த்துத் தள்ளிவிடும், தெரியுமா? வாரத்துக்கு அல்ல, ஒரு நாளைக்கு! நேற்று மாலை அங்கே இல்லாத 200 கிலோ இன்று மாலை நிற்கிறது. அதே ஏக்கரை டிசம்பரில் போய்ப் பாருங்கள். மண்ணும் அதேதான், வேரும் அதேதான். ஆனால் நாளொன்றுக்குப் பத்து, இருபது கிலோ தேறினாலே பெரிது.

மழை குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. அயர்லாந்தில் மழைக்கா பஞ்சம்! குறைந்தது மண்ணின் சூடும் பகலின் நீளமும்தான். அந்த ஊர் மேய்ச்சலின் ராஜாவான ரைகிராஸ், மண்ணின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை கண்ணே திறக்காது. கூடவே வளரும் வெள்ளைக் குளோவர் என்ற பயறு இனச் செடி அதைவிடச் சோம்பேறி, அதற்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி வேண்டும். தீவு மொத்தமும் தமிழ்நாட்டைவிடச் சின்னது. அதற்குள்ளேயே என்ன வித்தியாசம் பாருங்கள்: அட்லாண்டிக் கடலின் கதகதப்பு படும் தென்மேற்கு மூலையில் வருடத்தில் ஏறக்குறைய 11 மாதம் புல் வளர்கிறது, வடகிழக்கிலோ எட்டரை மாதத்தில் கடையைக் கட்டிவிடுகிறது. ஒருவருக்குப் பத்து வாரத் தீவனச் செலவு மிச்சம், இன்னொருவருக்கு அது தண்டம். எல்லாம் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில்!

ஏப்ரலில் அங்கே ஒரு நாளுக்காகப் பண்ணைக்காரர்கள் காத்திருப்பார்கள். 'மேஜிக் டே' என்று அதற்குப் பெயர். பண்டிகை நாள் என்று நினைத்துவிட வேண்டாம். மாடுகள் ஒரு நாளில் தின்னும் புல்லும் நிலம் ஒரு நாளில் வளர்க்கும் புல்லும் சமமாகும் நாள் அது. அதுவரை கைக்காசில் தீனி போட்டவர், அன்று முதல் புல் போடும் விருந்தில் உட்காரலாம். அடுத்த சில வாரங்களில் கணக்கு தலைகீழாகிவிடும். மாடு தின்று தீர்க்க முடியாத அளவுக்குப் புல் பொங்கும். அதை வெட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, புளிக்க வைத்துக் குளிர்காலத்துக்கு எடுத்து வைப்பார்கள். சைலேஜ் என்பது அதுதான்.

அந்த நாள் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கண்மதிப்பா? அதெல்லாம் அந்தக் காலம். ஒரு கைத்தடி, அதில் மேலும் கீழும் வழுக்கும் ஒரு வட்டத் தட்டு. தடியைப் புல்லில் ஊன்றினால் தட்டு புல்லின் மேல் படிந்து நிற்கும். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு அடர்த்தியில் நின்றது என்பது கணக்கில் ஏறும். வாரம் ஒருமுறை இந்தத் தடியை ஊன்றியபடி நிலம் முழுக்க நடந்து, நூற்றுக்கணக்கான இடங்களில் அளந்து, கணினியில் ஏற்றுகிறார்கள். டீகஸ்க் என்ற அந்நாட்டு வேளாண் ஆய்வு அமைப்பு இதற்காகவே 2013-ல் ஒரு தரவுத்தளம் தொடங்கியது. அங்கே மழை நிலவரம் போலப் புல் நிலவரமும் வாராவாரம் வெளியாகிறது! அதே 2013-ன் வசந்தம் குளிரில் உறைந்து, புல் எழும்பாமல் போனபோது, உலகமே 'பச்சைத் தீவு' என்று கொண்டாடும் நாடு பிரிட்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வைக்கோலைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு சில வாரத் தாமதம்தான், அதற்கே இந்தப் பாடு.

மூன்று இலை, அவ்வளவுதான்!

இப்போது குனிந்து ஒரே ஒரு ரைகிராஸ் தண்டைக் கையில் பிடித்துப் பாருங்கள். அதில் உயிருள்ள இலை எத்தனை இருக்கும் என்கிறீர்கள்? மூன்று. ஏறக்குறைய எப்போதும் மூன்றுதான்! நான்காவது இலை தலைகாட்டும்போது முதல் இலை பழுத்துச் செத்துவிடும். வசந்தத்தில் வாரம் பத்து நாளுக்கு ஓர் இலை வரும், கடுங்குளிரில் ஓர் இலைக்கு ஒரு மாதம்கூட ஆகும். மாட்டை எப்போது உள்ளே விடுவது என்பதைக் கெட்டிக்காரப் பண்ணைக்காரர் காலண்டரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, இலையை எண்ணித்தான் முடிவு செய்கிறார். இரண்டு இலை வருமுன்பே விட்டால் தண்டின் அடியிலுள்ள சேமிப்பு காலி. நான்காவது வரட்டும் என்று காத்திருந்தால் முதல் இலை மண்ணுக்கு மக்கு. மூன்றாவது விரிந்ததும் கதவைத் திறக்க வேண்டும்.

மாடு நுனியைக் கடித்துப் போன பிறகும் புல் எப்படி எழுகிறது? பெரும்பாலான செடிகளுக்கு வளரும் குருத்து உச்சியில் இருக்கிறது, கிள்ளினால் அந்தக் கிளைக்கு அதோடு சரி. புல்லோ தன் உயிர்முனையைத் தரையோடு தரையாக, பல்லுக்கு எட்டாத இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. இலை அடியிலிருந்துதான் மேலே தள்ளப்படுகிறது. கடித்தது பழைய நுனியை, வளர்வது புதிய அடி!

இன்னொரு வேடிக்கை. காலைப் புல்லைவிட மாலைப் புல் இனிப்பு. பகல் முழுக்க வெயிலில் சமைத்த சர்க்கரை இலையில் சேர்ந்து, இரவில் செலவாகிவிடுகிறது. அதனால்தான் சில பண்ணைகளில் புது மேய்ச்சலை மாலைக் கறவை முடிந்ததும் திறந்து விடுகிறார்கள்.

83 நாள் கெடு

நியூசிலாந்தில் பசுவுக்கு ஒரு கெடு உண்டு, தெரியுமா? கன்று போட்டு 83 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். யார் போட்ட சட்டம்? புல் போட்ட சட்டம்! பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 282 நாள். 365-ல் 282 போனால் மீதி 83. அதைத் தாண்டினால் அடுத்த வருடம் கன்று தாமதமாக விழும், வசந்தப் புல் பொங்கும் நேரமும் பால் பெருகும் நேரமும் பிசகிவிடும். ஆகையால் அங்கே பெரும்பாலான பசுக்கள் குளிர்காலக் கடைசியில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கும்பலாகக் கன்று போடுகின்றன. தென் அரைக்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது. கன்று ஈன்ற பசுவின் பசியும் புல்லின் வேகமும் ஒன்றாக ஏறும். அக்டோபரில் நாட்டின் பால் உச்சத்தைத் தொடும், பால்பவுடர் ஆலைகள் இரவு பகல் பாராமல் ஓடும். மே முடிந்தால் பசுக்கள் மொத்தமாக வற்றிவிடும், ஆலைகளில் பல பராமரிப்பு வேலைக்காக மூடப்படும். கறவை மாடு என்றால் வருடம் முழுக்க மாற்றி மாற்றிக் கறந்துகொண்டே இருப்பதுதான் என்று பழகிய நமக்கு, ஒரு தேசமே ஒரே நேரத்தில் கறவையை நிறுத்தும் என்பது நம்பவே முடியாத செய்தி!

கறவை ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளியில், ஜூன் 1-ஆம் தேதி, இன்னொரு கூத்து நடக்கிறது. அடுத்தவர் நிலத்தில் பங்குக்குக் கறப்பவர்கள், ஒப்பந்தம் முடிந்து, மாடு, கன்று, தட்டுமுட்டுச் சாமான், பிள்ளைகுட்டி சகிதம் புதுப் பண்ணைக்குக் கிளம்பும் நாள் அது. நாடு முழுக்க அதே நாளில்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அந்த வாரம் ஊர் மாறுவார்கள். புல் தூங்கும் நேரம்தானே குடிமாற வசதி.

அங்கேயும் ஒரு மலை நடுவில் நின்று நாடகம் ஆடுகிறது. சதர்ன் ஆல்ப்ஸ் மலையின் மேற்குப் பக்கம் மில்ஃபோர்டு சவுண்டில் வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கிறைஸ்ட்சர்ச்சில் அதில் பத்தில் ஒரு பங்கு. வடக்கே நார்த்லாந்தில் வெப்பம் விரும்பும் கிக்குயூ புல் கோடையில் நிலத்தையே மூடிப் படர்கிறது, தெற்கே சவுத்லாந்தில் குளிர்காலத்தில் புல் அசையவே அசையாது, மாடுகளுக்கென்றே விதைத்த கிழங்கும் கீரையும் போட்டுத்தான் காலம் தள்ள வேண்டும். ஒரே நாட்டில் 'நல்ல புல் மாதம்' எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

புல் அதிகம் என்றால் நல்லது என்றா நினைத்தீர்கள்?

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த ஆச்சரியம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குக் கீழே சாஹேல் என்ற பட்டை நிலம். மாலி நாட்டில் ஃபுலானி மாட்டுக்காரர்கள் மழை பிடித்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவார்கள் தெரியுமா? மழை கொட்டி, புல் ஆளுயரம் நிற்கும் தெற்குப் பக்கமா? கிடையாது. வடக்கே, பாலைவனத்தின் விளிம்பை நோக்கி! கணுக்கால் உயரம்கூடத் தாண்டாத புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை.

வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் பலர் இதை வெறும் நாடோடிப் பழக்கம் என்றே எண்ணினார்கள். டச்சு, மாலி விஞ்ஞானிகள் கூட்டாக மண்ணையும் புல்லையும் அளந்து 1982-ல் வெளியிட்ட ஆய்வு விஷயத்தைப் போட்டு உடைத்தது. வடக்கே புல்லுக்குக் குறைவது தண்ணீர், மண்ணின் சத்து அல்ல. அதனால் கொஞ்சமாக முளைக்கும் புல், கிடைக்கிற தழைச்சத்தையெல்லாம் தன் சின்ன உடம்புக்குள் அடைத்துக்கொள்கிறது. புரதம் நூற்றுக்குப் பத்துக்கு மேல். தெற்கே தண்ணீர் தாராளம், மண்ணில்தான் சத்தில்லை. புல் விறுவிறுவென்று உயர்ந்து, இருக்கிற கொஞ்சம் சத்தையும் அந்தப் பெரிய உடம்பு முழுக்கப் பரப்பி நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. முற்றியபின் புரதம் பாதிக்கும் கீழே. ஒரு மாடு மெலியாமல் இருக்கவே தீனியில் 7 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வயிறு நிறைய வைக்கோல் போன்ற புல் இருந்தும் மாடு இளைக்கும். பச்சைக் கடலுக்கு நடுவே பட்டினி! எந்தப் பரிசோதனைக் கூடமும் இல்லாமல், மாட்டின் பாலையும் மினுமினுப்பையும் பார்த்தே அந்த மேய்ப்பர்கள் இதைப் பல தலைமுறைக்கு முன் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மழை நின்று வடக்கு காய்ந்ததும் அவர்கள் திரும்பி வரும் இடம் அதைவிட விசித்திரம். நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகம். ஆறு பிறக்கும் கினியா மலைகளில் மழை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. அந்த வெள்ளம் ஆடி அசைந்து மாலியின் சமவெளிக்கு வந்து பரவ அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். அதாவது மழை ஓய்ந்த பிறகு வெள்ளம்! அந்த வெள்ளத்தில் மிதந்து வளர்வது பூர்கு என்ற புல். தண்ணீர் வடிய வடிய, சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்கும் மாதங்களில், இங்கே மட்டும் பச்சை விரிகிறது. டயாஃபராபே என்ற ஊரில் ஆயிரக்கணக்கான மாடுகள் ஆற்றை நீந்திக் கடக்கும் நாள் பெரும் திருவிழா, யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. யார் மந்தை முதலில் இறங்குவது, யார் எந்தப் பாதையில் போவது என்பதற்கெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசினா அரசை நிறுவிய சேகு அமாடு வகுத்த ஒழுங்கின் வழக்கம் இன்றும் தொடர்கிறது. புல்லுக்காக ஓர் அரசியல் சட்டம்!

இதே கணக்கை மனிதனே இல்லாமல் போடுகிறவை யார் தெரியுமா? தான்சானியாவின் செரங்கெட்டியில் பதின்மூன்று லட்சம் வில்டபீஸ்ட் மான்கள். தென்கிழக்குச் சமவெளியில் மழை குறைவு, ஏறக்குறைய 500 மில்லிமீட்டர். வடமேற்கில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் குட்டி போட அவை வருவது குறைவான மழை பெறும் தெற்கே! எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. சுண்ணாம்பும் பாஸ்பரசும் நிறைந்த குட்டைப் புல், பால் சுரக்கும் தாய்க்கு அமிர்தம். பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான குட்டிகள் மொத்தமாகப் பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் தின்று தின்று அலுத்துப்போகும் அளவுக்கு! மே, ஜூனில் அந்தப் புல் காய்ந்ததும்தான் வடக்கே, சத்துக் குறைந்தாலும் காயாத உயரப் புல்லை நோக்கி ஓட்டம்.

இதில் ஒரு கிளைக்கதை. மாடுகளுக்கு வரும் வெக்கை நோய் ஒரு காலத்தில் இந்த மான்களையும் வாரிக்கொண்டு போனது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் மான்கள் பெருகின. 1961-ல் இரண்டரை லட்சம் அளவில் இருந்தவை 1970-களின் கடைசியில் பத்து லட்சத்தைத் தாண்டின. அத்தனை வாய் மேய்ந்ததில் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, மரக்கன்றுகள் பிழைத்தன, செரங்கெட்டியில் மரங்கள் கூடின. மாட்டுக்கு ஊசி போட்டால் மரம் வளரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்!

அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் காட்டெருமைகள் செய்வது இன்னும் ஒரு படி மேல். மலையில் பனி உருக உருக இளம்புல் கீழிருந்து மேலாக முளைத்து ஏறும், மான்கள் அந்தப் பச்சையைத் துரத்திக்கொண்டே மேலே போகும். காட்டெருமை துரத்துவதில்லை. ஒரே இடத்தில் கூட்டமாக நின்று அழுத்தி மேய்ந்து, புல்லை முற்றவே விடாமல் திரும்பத் திரும்பத் துளிர்க்க வைக்கிறது. தன் வசந்தத்தைத் தானே நீட்டிக்கொள்கிறது என்று 2019-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்கள்.

செங்கிஸ்கானுக்குப் புல் போட்டது யார்?

உலகையே நடுங்க வைத்த மங்கோலியக் குதிரைப்படையின் பெட்ரோல் என்ன? புல்தான்! மங்கோலியாவின் பழைய எரிமலைக் குழம்புப் பாறைகளில் நிற்கும் பைன் மரங்களின் வளையங்களை நீல் பெடர்சன், ஏமி ஹெசல் ஆகியோரின் குழு எண்ணிப் பார்த்தது. 1211 முதல் 1225 வரை பதினைந்து வருடம் தொடர்ச்சியாக ஈரமான, இதமான காலம். அந்த மரங்கள் பதிந்து வைத்த ஆயிரம் வருடத்தில் அப்படி ஒரு தொடர்ச்சி அபூர்வம். செங்கிஸ்கான் தன் படையோடு வெளியே பாய்ந்த வருடங்களும் அவையேதான். ஒரு வீரனுக்கு மாற்றிச் சவாரி செய்ய நாலைந்து குதிரை, அத்தனைக்கும் தீனி வழியிலேயே முளைத்திருந்தது. அவர் வென்றதற்கு மழைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வாள் மட்டும் இருந்து வயிறு காய்ந்த குதிரையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்?

அதே புல்வெளி கணக்குத் தீர்க்கும் விதமும் கொடூரம். கோடையில் மழை பொய்த்துப் புல் குறைய, கொழுக்காத உடம்போடு ஆடுமாடுகள் குளிர்காலத்துக்குள் நுழைய, மேலே கடும்பனி விழுந்தால் அங்கே 'ட்ஸுட்' என்பார்கள். பனி மூடிப் புல் எட்டாமல் போவது வெள்ளை ட்ஸுட். பனியே விழாமல் குடிக்க நீர் இல்லாது போவது கறுப்பு. உருகிய பனி மறுபடி உறைந்து இரும்புத் தகடாகப் புல்லை மூடுவது இன்னொன்று. 2009-10 குளிர்காலத்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்துப்போயின. குளிர் கொன்றது என்று எழுதுவார்கள். போன கோடையில் முளைக்காத புல் கொன்றது என்றுதான் நான் எழுதுவேன்.

கென்யாவின் வடக்கே மார்சபிட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள், கேட்டால் மூக்கில் விரல் வைப்பீர்கள். 2010-ல் தொடங்கிய கால்நடைக் காப்பீடு அது. மாடு செத்ததா என்று பார்க்க எந்த அதிகாரியும் வருவதில்லை. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் புல்வெளியைப் பார்க்கிறது! உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பச்சை எவ்வளவு என்று கணக்கிட்டு, வழக்கத்தைவிட மிகக் குறைந்தால் மேய்ப்பருக்குப் பணம். ஒட்டகம் மேய்க்கும் பெண்மணிக்காக விண்வெளியிலிருந்து ஒரு சாட்சி.

ஏரி வற்றினால் விருந்து

நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கையில் மின்னேரியா குளத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இருநூறு முந்நூறு யானைகள் ஒரே இடத்தில் கூடும் காட்சியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குடிக்க வருகின்றன என்றா நினைத்தீர்கள்? பெரிதும் புல்லுக்குத்தான்! வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய குளம், வறட்சி மாதங்களில் மெல்லப் பின்வாங்க, வெளிப்படும் சேற்றுத் தரையில் இளம்புல் முளைக்கிறது. சுற்றிக் காடெல்லாம் காய்ந்திருக்கும்போது, மகாசேன மன்னன் கட்டிய குளத்தின் வயிற்றில் பச்சைக் கம்பளம். அண்மை வருடங்களில் மேலேயுள்ள பெரிய அணையிலிருந்து வறட்சியிலும் தண்ணீர் வந்து குளம் நிரம்பியே நின்றபோது, புல் மூழ்கியது, யானைக் கூட்டமும் குறைந்தது. தண்ணீர் கூடினால் தீனி குறையும் விந்தை!

நம் ஊர்க் கண்மாய்களிலும் இதே கதைதான். சித்திரை, வைகாசியில் கண்மாயின் உள்வாயில் ஆடுமாடு நிற்பதை ரயிலில் போகும்போதுகூடப் பார்க்கலாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஒரு படி மேலே போய், மேய்ச்சலைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் நடப்பவர்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் செம்மறிக் கூட்டத்தோடு தஞ்சைப் பக்கம் இறங்குவார்கள். பகலில் அறுத்த தாளிலும் வரப்புப் புல்லிலும் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. கிடை போட நிலக்காரர் கூலி கொடுப்பார், ஏனென்றால் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். தின்பதற்கும் காசு, கழிப்பதற்கும் காசு என்று வாழ்ந்த ஜீவன் உலகத்தில் வேறு உண்டா?

புல் வெண்ணெயின் நிறத்தையும் மாற்றும், அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசும்புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சளடிக்கும், வைக்கோல் தின்ற மாதத்தில் வெளுக்கும். புல்லிலுள்ள கரோட்டின் செய்யும் வேலை. எருமை என்ன தின்றாலும் அவள் வெண்ணெய் வெள்ளைதான், அவள் கரோட்டினை முழுக்க வைட்டமின் 'ஏ'யாக மாற்றிவிடுகிறாள்.

காங்கயம் காளையைத் தெரியும், அது மேயும் காட்டைத் தெரியுமா?

கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பேருந்தில் போனால், முள்வேலி கட்டிய வெட்டவெளிகள் மைல் கணக்கில் தெரியும். உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரம், தரையில் பழுப்பு நிறப் புல். தரிசு என்று நினைத்துக் கண்ணை மூடிவிடுவோம். அது தரிசு அல்ல, கொறங்காடு! தனித்தனிப் பட்டாவில், வேலியடைத்து, பங்கு பிரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் மேய்ச்சல் காடு.

அந்த மண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஊளையிட்டு வரும், காற்றாலை சுழலும், மேகமும் ஓடும். மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்திருக்கும். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மற்ற மாதங்களுக்கு மாடு என்ன செய்யும்? இங்கேதான் கொறங்காட்டின் சூட்சுமம். புல் கொழுக்கட்டைப் புல். ஒரு நல்ல மழை போதும், காய்ந்து செத்தது போல் கிடந்த தூர் சில நாளில் பச்சை விடும். வெப்பம் ஏற ஏற வேகம் எடுக்கும் சாதி அது. அயர்லாந்தின் ரைகிராஸ் வாடிப்போகும் 35 டிகிரியில் இது ஜோராக வளரும். மழை போனபின் நின்ற நிலையிலேயே காய்ந்து, அறுக்காத வைக்கோலாகக் காத்திருக்கும். ஊடே நரிப்பயறு கொடியோடி மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். புல்லும் தீர்ந்தால் வெள்வேலங்காய் பழுத்து உதிரும், ஆடும் மாடும் பொறுக்கித் தின்னும். வேலியில் நிற்கும் கிளுவை முள் கம்பிவேலிக்கு அவசியமே இல்லாமல் செய்துவிடும். ஒரு துண்டில் மேய்ந்த மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றி, முதல் துண்டுக்கு ஓய்வு கொடுப்பது அங்கே ஆதி வழக்கம். வெளிநாட்டுப் பண்ணையியல் புத்தகம் 'சுழற்சி மேய்ச்சல்' என்று அத்தியாயம் போட்டு விளக்குவது இதைத்தான். அப்போதும் பற்றாத கோடைக்குச் சோளத்தட்டுப் போர் தோட்டத்தில் நிற்கும். அந்தக் காட்டில் செவலையாகப் பிறக்கும் கன்று, ஏறக்குறைய ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகும் என்பது காங்கயம் இனத்தின் தனி வித்தை.

சரி, இந்தக் கொழுக்கட்டைப் புல் எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா மூன்றுக்கும் சொந்தமான புல் இது. 1870-களில் ஆஸ்திரேலியப் பாலைக்கு ஒட்டகம் ஓட்டப் போனவர்களின் சேணத்துக்குள் பஞ்சுக்குப் பதில் திணித்த பொதியிலிருந்து விதை சிந்தி, அங்கே லட்சக்கணக்கான ஏக்கரில் பரவி, மாட்டுப் பண்ணைகளின் செல்லப்பிள்ளையாகிவிட்டது. 'பஃபல் கிராஸ்' என்பார்கள். 1930, 40-களில் மண்ணரிப்பைத் தடுக்க, தீவனம் பெருக்க என்று அமெரிக்காவும் வரவழைத்தது. அங்கேதான் வந்தது வினை! அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண், அதனால் தீப்பிடித்தாலும் பரவாது. அங்கே நிற்கும் சாகுவாரோ கள்ளி தீயைத் தாங்கப் பழகாதது, நூறு வருடம் தாண்டி வாழ்வது. நடுவிலுள்ள வெற்றிடத்தையெல்லாம் கொழுக்கட்டைப் புல் நிரப்பி, காய்ந்து, தீக்குப் பாலம் போட்டுவிட்டது. தீயில் கள்ளி சாகிறது, புல்லோ அடுத்த மழைக்கு அடித்தூரிலிருந்து எழுந்து இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கிறது.

இப்போது டூசான் நகரத்தில் தன்னார்வலர்கள் விடுமுறை நாளில் கடப்பாரை சகிதம் மலையேறி அதை வேரோடு தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாராபுரத்து விவசாயி பார்த்தால் "அத்தனையையும் கட்டி இங்க அனுப்புங்க சாமி" என்பார்.